முன்பின் தெரியாதவரோடு ஓர் ஆட்டம்

போகிமான் அட்டை ஆட்டத்தில் முதல் போட்டிக்குப் போகிற யாரும் முதலில் கவலைப்படுவது டெக்கைப் பற்றித்தான். மொத்தம் 60 அட்டை. ஒரே பெயரில் 4க்கு மேல் வைக்கக்கூடாது. அடிப்படை எனர்ஜி அட்டைக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்று யோசித்தே இரவுகள் போய்விடும். என் அக்கா மகனும் அப்படித்தான் இருக்கிறான். சிங்கப்பூரில், தோ பாயோவில் அவர்களுடைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்போது தட்டு வைக்க இடமில்லை. அவனோடு ஆட வீட்டில் வேறு ஆள் கிடைக்காததால் நானும் கற்றுக்கொண்டேன். அவன் போகிற போட்டியிலேயே பெரியவர்கள் பிரிவில் பெயரும் கொடுத்திருக்கிறேன்.

டெக்கைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஆடிக் கைக்குப் பழக்க வேண்டும். கடைசி இரவு வரை மாற்றிக்கொண்டே இருந்தால் சொந்த டெக்கே பிடிபடாமல் போய்விடும். என் மனசில் ஓடிக்கொண்டிருப்பது வேறு விஷயம். எதிரில் உட்காரப்போகிறவரை நமக்கு முன்பின் தெரியாது. அவரை நாம் எப்படி நம்புவது, அவர் நம்மை எப்படி நம்புவார்?

வீட்டில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. "சித்தி, இருங்க இருங்க, எனர்ஜிய அதுக்கு வேணாம், இதுக்கு வெக்கிறேன்" என்பான். "சரி, வெச்சுக்கோ" என்பேன். அட்டையைக் கலைக்கச் சொன்னால் இரண்டு புரட்டு புரட்டிவிட்டு வைத்துவிடுவோம். அவன் தங்கை வந்து மடியில் உட்கார்ந்தால் ஒப்புக்குச் சப்பாணியாக அவளுக்கும் ஒரு கை அட்டை உண்டு. பாசம் இருக்கிற இடத்தில் முறை தளர்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. தெரியாதவரிடம் அதே தளர்வைக் காட்டினால் சுமை முழுவதும் அவர் தலையில் விழுகிறது. 'சரி' என்று விழுங்கினால் ஏமாளி, 'கூடாது' என்றால் கறார் பேர்வழி. முதல் சந்திப்பிலேயே ஒருவரை அப்படி இக்கட்டில் நிறுத்துவது நியாயமாக எனக்குப் படவில்லை.

இந்த ஆட்டம் 1996இல் ஜப்பானில் வெளிவந்தது. சிறுவர்களை மனத்தில் வைத்துச் செய்தது என்றாலும், நம்பிக்கை விஷயத்தில் அதன் விதிகள் பெரியவர்களுக்கும் பாடம் எடுக்கின்றன. தொடக்கத்தில் ஆளுக்கு 7 அட்டை எடுக்கிறோம். அதில் ஓர் அடிப்படைப் போகிமான்கூட இல்லையென்றால் மறுபடி கலைத்து எடுக்க வேண்டும். ஆனால் 'என்னிடம் இல்லை' என்று வாயால் சொன்னால் செல்லாது. கையிலிருக்கும் 7 அட்டையையும் மேசையில் விரித்துக் காட்ட வேண்டும். அதற்கு ஈடாக எதிராளி விரும்பினால் ஓர் அட்டை கூடுதலாக எடுத்துக்கொள்வார். டெக்கில் தேடி ஒரு போகிமானை எடுத்தாலும் அதைக் காட்டிவிட்டுத்தான் கையில் சேர்க்கலாம். 'எந்த அட்டையையும் எடுத்துக்கொள்' என்று அனுமதி இருந்தால் மட்டும் பொதுவாகக் காட்டத் தேவையில்லை, ஏனென்றால் அங்கே சரிபார்க்க எதுவும் இல்லை. எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க உரிமை உண்டு என்பதை இவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு வந்துவிட்டது.

கலைத்த டெக்கை எதிராளியிடம் வெட்டக் கொடுப்பதும் இதே கணக்குத்தான். ஸ்லீவ் விஷயமும் அப்படியே. 60 அட்டைக்கும் ஒரே மாதிரி உறை வேண்டும். ஒரு மூலை மடங்கியிருந்தாலும் பின்பக்கம் பார்த்தே அது எந்த அட்டை என்று சொல்லிவிடலாம்; நடுவர் கண்ணில் பட்டால் தண்டனை உண்டு. போன வாரம் ஒரு சாயங்காலம் டியூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். மற்றவை பரவாயில்லை. அவனுடைய சாரிஸார்ட் அட்டைக்குப் போட்டிருந்த உறை மட்டும் ஓரமெல்லாம் வெளுத்து, ஒரு முனை மேலே எழும்பியிருந்தது. அவனுக்கு அந்த அட்டைதான் உயிர். சும்மா இருக்கும்போதும் அதைத்தான் எடுத்து எடுத்துப் பார்ப்பான். 60 உறையையும் கழற்றிவிட்டுப் புதுசு போட்டோம்.

இவை எல்லாம் அவனுக்குச் சுலபமாக வந்தன. வராதது ஒன்றுதான். கை தூக்கி நடுவரைக் கூப்பிடுவது.

"நான் ஜட்ஜைக் கூப்பிட்டா அவங்க தப்பா நெனைக்க மாட்டாங்களா, சித்தி?" என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. டீச்சரிடம் போய்ச் சொன்னால் போட்டுக்கொடுத்தான் என்று பெயர். மூன்றாமவரைக் கூப்பிடுவது சண்டைக்கு அடையாளம் என்றே நாம் வளர்ந்திருக்கிறோம். மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் நம் கூரையில் கசிந்தால் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்வோம். கடைசியில் கழகத்துக்குப் புகார் எழுதும்போது மின்தூக்கியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு உறவு கெட்டிருக்கும். முதல் சொட்டு விழுந்த அன்றே இருவருமாகச் சேர்ந்து ஆளைக் கூப்பிட்டிருந்தால் அவ்வளவு கசப்பு சேர்ந்திருக்காது.

அட்டை மேசையில் நடுவர் அப்படி முதல் சொட்டுக்கே வருகிறவர். ஓர் அட்டையில் எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம், முறைக்கு ஒன்றே ஆடக்கூடிய சப்போர்ட்டர் அட்டையை இந்த முறை ஏற்கெனவே ஆடியாயிற்றா என்று எந்தச் சந்தேகம் வந்தாலும் யார் வேண்டுமானாலும் கை தூக்கலாம். அதில் போன நேரத்தைச் சேர்த்துக் கொடுப்பார்கள். தெரியாமல் நேர்ந்த சிறு தவறுக்குப் பொதுவாக முதலில் எச்சரிக்கைதான். ஆட்டத்தை இழப்பது, வெளியேற்றப்படுவது எல்லாம் படிப்படியாக மேலே இருப்பவை. யாரையும் குற்றவாளி ஆக்காமல் கேள்வி கேட்க ஓர் ஏற்பாடு இருக்கிறது என்பதே எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அதனால் வீட்டில் அதையும் பயிற்சி செய்கிறோம். "ஜட்ஜ், ஒரு சந்தேகம்" என்று அவன் கை தூக்குவான். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து இரு பக்கமும் கேட்பாள். முதலில் குரலே எழும்பவில்லை. இப்போது எதிரில் இருக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கூப்பிடுகிறான்.

நேற்று இன்னொன்று கேட்டான். எதிராளியின் போகிமானை வீழ்த்தினால் நம் 6 பரிசு அட்டைகளிலிருந்து எடுக்க வேண்டும் அல்லவா? "அவங்க எடுக்க மறந்துட்டா நான் சொல்லணுமா?" சொல்ல வேண்டும் என்றேன். "எனர்ஜி வெக்க மறந்துட்டா?" அதைச் சொல்ல வேண்டியதில்லை என்றேன். "ரெண்டுமே மறதிதானே?" என்றான், விடாமல். பரிசு அட்டை எடுப்பது விதிப்படி நடந்தே ஆக வேண்டியது. மேசையில் இருப்பது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது இருவர் பொறுப்பு. எனர்ஜி வைப்பதும் வைக்காததும் அவர் இஷ்டம். மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அதற்குள் நாம் நுழையக்கூடாது. முறை முடிந்த பிறகு 'இப்போது வைத்துக்கொள்ளட்டுமா' என்று அவர் கேட்டால் கை தூக்கலாம், நடுவர் சொல்லட்டும்.

"சின்னப் பையனா இருந்து அழுதுட்டா?"

அப்போதும் கை தூக்கு என்றேன். முடிவை எழுதிக் கொடுத்த பிறகு அடுத்த சுற்றுக்கு இடையில் நேரம் கிடைக்கும். அந்தப் பையன் சம்மதித்தால் அதே கட்டத்தை மறுபடி மேசையில் பரப்பி, அந்த எனர்ஜியை வைக்கச் சொல்லி, என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு பேருமாக ஆடிப் பாருங்கள் என்றேன். அவனுக்கு அது பிடித்திருந்தது. "அவன் ஜெயிச்சிருந்தா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் அட்டையைக் கலைத்து என் பக்கம் வெட்ட வைத்தான்.