கூட்டிப் பெருக்குகிற இரக்கம்



நற்கருணை வழங்க நிற்கும் எனக்கு, யார் யார் வீட்டில் நாய் இருக்கிறது என்று கேட்காமலே தெரியும். கறுப்புக் கால்சட்டையில் முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாய் முடி. பட்டுச் சேலையின் கொசுவத்தில் இரண்டு மூன்று. பூசை உதவிக்கு வருகிற தம்பிகள் சிலரின் அங்கியில், செல்லம் படுத்து எழுந்த தடமே இருக்கும். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுத் தட்டிவிடுகிறீர்கள். வேண்டாம், அப்படியே வாருங்கள்.

பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது அம்மாக்கள் சொல்வதையும் கேட்கிறேன். "பாதர், காலையில கூட்டுனா மத்தியானம் மறுபடியும் கூட்டணும். சோத்துத் தட்டுல முடி, தலகாணியில முடி. மனசே விட்டுப்போச்சு. யாருகிட்டயாவது கொடுத்துரலாமான்னு இருக்கு." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் சிட்டுக்குருவியையும் நம் தலைமுடியையும் ஒரே மூச்சில் பேசினார். காசுக்கு இரண்டாய் விற்கிற குருவிகூடத் தந்தைக்குத் தெரியாமல் தரையில் விழுவதில்லை என்றார். நம் தலையில் உள்ள முடிக்கும் அவரிடம் கணக்கு இருக்கிறது என்றார். முடிக்கணக்கு வைத்திருக்கிற கடவுளின் பிள்ளைகள் நாம். ஆகவே பிரசங்கத்தில் நாய் முடியா என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள், செம்பனைக் குலை சுமந்தவர்கள். இதோ, பழைய பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் செம்பனை நட்டார்கள். இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று செம்பனை நட்ட முதல் தோட்டம் அதுதான். அந்த லயங்களில் நாய் இல்லாத வரிசை ஏது? பாம்பு வந்தால் குரைக்கும், காட்டுப்பன்றி வந்தால் விரட்டும். படுக்கை வாசற்படியில், இல்லையென்றால் அடுப்படிக்குப் பின்னால் மண்ணில். அப்போதும் முடி கொட்டத்தான் செய்தது. மண் வாசலில் யார் பார்த்தது? காற்று கொண்டுபோனது, மிச்சத்தைக் கோழி கிளறியது. இன்று பெஸ்தாரி ஜெயாவிலும் ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் நமக்குத் தாமான் வீடு. வெள்ளைத் தரை, சோபா, ஏர்கோன். வெள்ளைத் தரையில் ஒரு முடி விழுந்தாலும் கண்ணில் படுகிறது.

நாம் வசதிக்கு வந்த பிறகு, வசதியில்லாத காலத்தில் நம் வாசலைக் காத்த உயிர் நமக்குப் பாரமாகத் தெரிகிறதா? கேள்வி நாயோடு நிற்காது. பின்னறையில் இருமிக்கொண்டிருக்கிற அப்பாயியையும் அது தொடும். ஆனால் பயப்படாதீர்கள். அலுத்துப்போவது பாவமல்ல. தினமும் கூட்டுகிற கை அலுக்கத்தான் செய்யும், அதை அறிந்தவர்தான் ஆண்டவர்.

முடி ஏன் இப்படிக் கொட்டுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் அடங்கிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் மொத்த இலையையும் உதிர்த்துவிட்டு நிற்கும். தோட்டத்தில் வளர்ந்த யாரும் அதைப் பார்த்து மரம் பட்டுப்போனது என்று சொன்னதில்லை, பின்னாலேயே தளிர் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். நாயின் முடியும் அப்படித்தான்: வளரும், கொஞ்ச காலம் சும்மா இருக்கும், உதிரும், அந்த இடத்தில் புது முடி முளைக்கும். குளிர் நாடுகளில் பகல் நீள்வதும் குறுகுவதும் பார்த்து ஆண்டுக்கு இரண்டு முறை மொத்தமாய்க் கொட்டும். கோலசிலாங்கூரில் ஆண்டு முழுவதும் பகலின் நீளம் அரை மணி நேரம்கூட மாறுவதில்லை. அதனால் நம் வீட்டு நாய்க்குக் காலக்கணக்கு கிடையாது; பன்னிரண்டு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொட்டிக்கொண்டே இருக்கும். குட்டி போட்ட தாய்நாய்க்கு இரண்டு மூன்று மாதத்தில் இன்னும் அதிகமாய்க் கொட்டும். அவள் உடம்பில் இருந்ததையெல்லாம் பாலாய்க் கொடுத்தவள், அவளைத் திட்டாதீர்கள்.

பனிநாட்டு ஹஸ்கியையும் அடர்முடி அல்சேஷனையும் வாங்கி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படத்தில் பார்க்க அழகாய்த்தான் இருக்கும். ஆனால் அதற்கு இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமான முரட்டு முடி, உள்ளே பஞ்சு மாதிரி மெல்லிய முடி. வீட்டை நிரப்புவது பெரும்பாலும் அந்த உள்முடிதான். வாங்குவதற்கு முன் யோசித்திருக்கலாம், சரி. வாங்கிவிட்டோம், இனி அது நம் பிள்ளை. வெயில் என்று சொல்லி அதற்கு மொட்டை மட்டும் அடிக்காதீர்கள். மேல்முடிதான் வெயில் தோலில் இறங்காமல் தடுக்கிறது. வழித்துவிட்டால் சில நாய்களுக்கு ஒழுங்காய் மறுபடி முளைப்பதே இல்லை. கொட்டுவதும் நிற்காது. கட்டை கட்டையாய் விழுந்து சோபாவில் குத்தும், அவ்வளவுதான்.

உதிர்ந்தே தீர வேண்டிய முடியை, தரையில் விழுமுன் நம் கையில் வாங்கிக்கொள்வதுதான் வழி. சாயங்காலம் பத்து நிமிடம் போதும். குட்டை முடி நாய்க்கு ரப்பர் பல் வைத்த சீப்பு, அடர்முடி நாய்க்கு உள்முடிவரை இறங்குகிற நீளப் பல் சீப்பு. கழுத்தில் தொடங்கி வாலை நோக்கி, முடி படுத்திருக்கிற திசையிலேயே வாருங்கள். காதுக்குப் பின்னால், பின்தொடையில், வால் அடியில்தான் சிக்கு விழும், அங்கே இழுக்காதீர்கள். வாரும்போது முடியை விலக்கித் தோலைப் பாருங்கள். மிளகுத்தூள் போலக் கறுப்பாய் ஏதாவது இருந்தால், அதை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டிப் பாருங்கள். செம்பழுப்பாய்க் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த இரத்தம். அதற்கு மருந்து வேண்டும், சீப்பு போதாது.

குளிப்பாட்டுவதற்கு முன் வாரிவிடுங்கள், இல்லையென்றால் சிக்கு இறுகிவிடும். நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது. நம் ஷாம்புவும், பாத்திரம் கழுவுகிற திரவமும் அதை வறட்டிவிடும். நாய்க்கென்று விற்பதை வாங்குங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். அதைவிட முக்கியம் துவட்டுவது. நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்முடி ஈரமாகவே இருந்தால் தோல் புண்ணாகும், நாற்றமெடுக்கும். சோபாவில் ஒட்டியதை எடுக்க, ரப்பர் கையுறையை நனைத்து ஒரே பக்கமாய்த் தடவுங்கள், சுருண்டு வந்துவிடும். காற்றாடியை அணைத்துவிட்டுக் கூட்டுங்கள் என்று சொல்லித்தர நான் யார்! அது உங்களுக்குத் தெரியும்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். முடி என்பது பெரும்பாலும் புரதம். வெறும் சோற்றில் மீதிக் குழம்பை ஊற்றிப் போட்டால் முடி எதைக்கொண்டு நிற்கும்? குழம்பில் இருக்கிற வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தையே கெடுக்கும். பாசிர் பெனாம்பாங் பக்கம் போனால் கெம்போங் மீன் வாங்கிவந்து, உப்பு போடாமல் அவித்து, முள்ளை எடுத்துவிட்டுக் கொஞ்சம் கலந்து கொடுங்கள். மீன் கொழுப்பு தோலுக்கு நல்லது. ஆனால் பலன் தெரிய ஆறு, எட்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே மினுமினுக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

அன்பானவர்களே, இப்போது எனக்கு மனம் கனக்கிற விஷயத்துக்கு வருகிறேன். கொட்டுவது வேறு, நோய் வேறு. வட்ட வட்டமாய்ச் சொட்டை, இரவெல்லாம் சொறிதல், சிவந்த தோல், செதில், இரண்டு விலாவிலும் ஒரே அளவாய் முடி போவது, இவையெல்லாம் வந்தால் அது உண்ணியோ, சொறிப்பூச்சியோ, படர்தாமரையோ, சுரப்பிக் கோளாறோ. படர்தாமரை பிள்ளைகளுக்கும் ஒட்டும். கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஆனால் நம் தோட்டப்புறத்தில் பழைய பழக்கம் ஒன்று இன்னும் இருக்கிறது. சொறி வந்த நாயின்மேல் பட்டறையில் கழித்த கறுப்பு எண்ணெயை ஊற்றுகிறோம், இல்லையென்றால் மண்ணெண்ணெய். அது தோலைப் பொசுக்கும், தோல் வழியாய் உள்ளே இறங்கும். நாய் அதை நக்கும், நக்கியது வயிற்றுக்குள் போகும். பூச்சி சாகிறதோ இல்லையோ, நாய் துடிதுடித்துப் போகும்.

ஏழை லாசருவின் புண்களை நாய்கள் வந்து நக்கியதாக ஆண்டவர் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். அவனுடைய இழிநிலையைக் காட்டத்தான் நாய்கள் அங்கே வருகின்றன என்று அறிஞர்கள் சிலர் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கோ, பணக்காரன் வீட்டு வாசலில் அவன் பக்கத்தில் வந்து நின்ற உயிர் அவை மட்டும்தான் என்று படுகிறது. நம் புண்ணைத் தொட அருவருக்காத ஓர் உயிரின் புண்ணில் நாம் எதை ஊற்றுகிறோம்? நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் கொடுமைக்கு 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளிவரை அபராதமும் சிறையும் வைத்திருக்கிறது. ஆனால் நான் உங்களைச் சட்டத்தைக் காட்டி மிரட்ட வரவில்லை. தாத்தா செய்ததைப் பார்த்துத் தெரியாமல் செய்தவர்கள் நீங்கள். தெரியாமல் செய்ததை ஆண்டவர் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். மனம் உறுத்தினால் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள், நாயைப் பற்றிய பாவமா என்று நான் சிரிக்க மாட்டேன்.

பக்கத்து வீட்டையும் நினைத்துக்கொள்வோம். அங்கே நம் இஸ்லாமியச் சகோதரர் குடியிருக்கலாம். நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவி, அதில் ஒருமுறை மண் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது அவர்களுடைய நெறி. தொழுகைக்கு உடுத்துகிற துணி கொடியில் காய்கிறபோது நாம் வேலியோரம் நின்று முடியைப் பறக்கவிடலாமா? அவர் வாய் திறந்து சொல்லமாட்டார், மரியாதைக்காரர். வீட்டுக்குப் பின்னால் வைத்து வாருங்கள். வாரிய முடியைப் பையில் போட்டு முடிச்சுப் போடுங்கள். உள்ளாட்சி மன்றத்தின் நாய் உரிமத்தையும் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு, சுருக்கமாய்ச் சொல்கிறேன். விலங்குகளைத் தேவையில்லாமல் வதைப்பது மனித மாண்புக்கு எதிரானது என்று கற்பிக்கிற அதே திருச்சபை மறைக்கல்வி, மனிதரின் துன்பம் போக்க வேண்டிய பணத்தை விலங்குக்கு வாரியிறைப்பதும் தகாது என்கிறது. நாய்க்கு வாசனைத் திரவியம் வேண்டாம். ஐந்து வெள்ளிச் சீப்பும் உங்கள் பத்து நிமிடமும் போதும்.

பெஸ்தாரி ஜெயாவில் ஆலயம் கொண்டிருக்கிற நம் வனத்துச் சின்னப்பரைப் பாருங்கள். பாலைவனத்தில் தனியே இருந்தவருக்குக் காகம் நாள்தோறும் அரை ரொட்டி கொண்டுவந்ததாம். அவரைப் பார்க்க வனத்து அந்தோணியார் வந்த அன்று முழு ரொட்டி. இறந்தபோது இரண்டு சிங்கங்கள் வந்து குழி தோண்டினவாம். புனித ஜெரோம் எழுதிவைத்த வரலாறு இது. அவருடைய திருநாள் ஜனவரி 15, நம் பொங்கலை ஒட்டியே வருகிறது. மாட்டுக்குப் பொட்டு வைத்த கைகள் நமது. மிருகங்களால் சோறும் கல்லறையும் பெற்ற புனிதரிடம் நம் வீட்டு நாய்க்காகவும் வேண்டிக்கொள்ளலாம், அவர் புரிந்துகொள்வார்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. நம் பங்கில் வயதானவர்கள் சிலர் நாயை மட்டுமே துணையாக வைத்திருக்கிறார்கள். குனிந்து வார அவர்களுக்கு முதுகு இடம் கொடுப்பதில்லை. உறுதிபூசுதல் வகுப்புப் பிள்ளைகளே, வருகிற சனிக்கிழமை மாலை நீங்கள் அவர்கள் வீடுகளுக்குப் போகிறீர்கள். பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். சீப்பையும் துண்டையும் உங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், பாட்டியின் நல்ல துண்டை எடுக்கக் கூடாது. நாய்க்கு அறிமுகமில்லாதவர்கள் முதலில் உட்கார்ந்து அது மோந்து பார்க்கட்டும் என்று விடுங்கள். பாட்டி தேத்தண்ணி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.