யாருடைய வினை?

அம்மாபேட்டையில் வெண்பட்டு வேட்டி நெய்கிறேன். ஆண்களை நேசிக்கும் ஆண் நான். வீட்டுக்குத் தெரிந்த அன்று அம்மா சொன்னார்: "போன ஜென்மத்துப் பாவம்டா." கையில் தாயத்து ஏறியது, பெண் பார்க்கத் தொடங்கினார்கள். எனக்குத் தூக்கம் போனது. செத்துவிடலாம் என்றும் தோன்றியது.

தறிக்குழியில் மிதி மிதித்தபடி இதையே யோசிப்பேன். ஊழ்வினை உண்டென்றே வைத்துக்கொள்வோம். என் நேசம் யாரை வருத்தியது? என்னை வதைத்தவை தெருமுனைக் கேலியும், சொந்தங்களின் அருவருப்பும், ஒளிந்து வாழும் பயமும்தான். அவற்றை இந்தப் பிறவியில், கண்முன்னே, மனிதர்கள் செய்கிறார்கள். பாவக்கணக்கு அங்கேதான் எழுதப்பட வேண்டும்.

என் நேசம் நோயும் அல்ல. 1990-லேயே உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2018-ல் உச்ச நீதிமன்றம் இது குற்றமல்ல என்றது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 'இந்த ஈர்ப்பை மாற்றுகிறோம்' என்று செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அதற்கு முன் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்தப் பணிவும் ஒரு தவம்.

ஆடியில் மாரியம்மனை நானும் கும்பிடுகிறேன். அவள் என்னை வெறுப்பதாக ஒருநாளும் தோன்றியதில்லை.

பெற்றவர்களே, பரிகாரம் தேடி அலையாதீர்கள். பிள்ளை தூங்கினானா, சாப்பிட்டானா என்று கேளுங்கள். தேவைப்பட்டால் 14416, அரசின் இலவச மனநல எண். வெறுப்பை விடுவதே பரிகாரம்.