சுமைதாங்கி

மான்ட்ரீல் நகரில் என் கல்லூரித் தோழர் ஒருவர் இருக்கிறார். மின்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற முறை அவர் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒருநாள் நிலவறையிலிருந்து தூசி படிந்த பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார்.

"சின்ன வீட்டுக்குக் குடிபோகப் போகிறேன். இதைக் குப்பையில் போட்டுவிடச் சொல்கிறான் மகன். நீ கதைகளில் ஊருக்கெல்லாம் நியாயம் சொல்கிறவன். எனக்கும் ஒன்று சொல். இதை மறுபடியும் அமைத்து ஓட்டுவதா, எறிந்துவிடுவதா?" என்று கேட்டார்.

அந்தப் பெட்டி கணினிக்கும் வானொலிக்கும் நடுவில் நின்று துபாஷி வேலை பார்ப்பது. அமெச்சூர் வானொலிக்காரர்கள் அதைக் கொண்டு செய்வதற்குப் பாக்கெட் ரேடியோ என்று பெயர். நாம் தட்டும் கடிதம் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. ஒவ்வொன்றின் மேலும் அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவருடைய அழைப்புக்குறியும் இருக்கும். 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டே சுருதிகளில் பாடிக்கொண்டு அது வானில் போகும். எதிர்முனைப் பெட்டி, பொட்டலம் சிதையாமல் வந்ததா என்று கணக்குப் பார்த்து, "வந்து சேர்ந்தது" என்று பதில் சொல்லும். பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடியும் அனுப்ப வேண்டும்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் தீவுக்குத் தீவு கணினிகளை வானொலியால் இணைத்து 1971-ல் காட்டிய வழி இது. 1978-ல் மான்ட்ரீல் அமெச்சூர்கள் அதைத் தங்கள் அலைவரிசைக்குக் கொண்டு வந்தார்கள். 1980-களில் அமெரிக்காவின் டூசான் நகரத்து அன்பர்கள், அவரவரே பூட்டிக்கொள்ளும்படி இந்தப் பெட்டியைப் பாகம் பாகமாக விற்றார்கள். ஊருக்கு ஊர் கைமாறிக் கடிதங்கள் வெகுதூரம் போயின. பிறகு இணையம் வந்தது. வழிப்போக்கர்களில் பெரும்பாலோர் அந்தப் பெருஞ்சாலைக்குப் போய்விட்டார்கள்.

நான் முதலில் கணக்குத்தான் பார்த்தேன். இதன் வேகம் நொடிக்கு 1200 பிட். கைபேசியில் எடுத்த படம் ஒன்று 30 லட்சம் பைட் என்று வைத்துக்கொண்டால், தடை ஒன்றுமே இல்லாவிட்டாலும் அது போய்ச் சேர ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"உன் மகன் சொல்வதுதான் சரி" என்றேன்.

"1998 ஜனவரியில் நீ இங்கே இருந்திருக்க வேண்டும்" என்றார் நண்பர். "விழுந்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்தது. அந்தச் சுமை தாங்காமல் மின்கம்பங்களும் இரும்புக் கோபுரங்களும் முறிந்து சாய்ந்தன. பத்து லட்சம் வீடுகளுக்கு மேல் இருண்டு கிடந்தன. சில ஊர்களில் வாரக்கணக்கில் விளக்கு இல்லை. அப்படிப்பட்ட நாளிலும் ஒரு கார் பாட்டரி இருந்தால் இது பேசும்."

"நீ இதைப் பேச வைத்து எத்தனை நாளாயிற்று?"

அவர் சிறிது தயங்கினார். "பதினைந்து வருஷம் இருக்கும்."

இருவருமே சிரித்துவிட்டோம். ஆனால் அந்தச் சிரிப்பில் ஓர் உண்மை இருந்தது. ஆபத்துக்கு உதவும் என்று சொல்லி நிலவறையில் போட்டு வைத்த பொருள் ஆபத்துக்கும் உதவாது. நல்ல நாளில் பழகாத கை, கெட்ட நாளில் இருட்டில் தடுமாறத்தான் செய்யும். பலர் பழைய பொருளின்மேல் தாம் வைத்த ஆசைக்கு, 'நாளைக்கு உதவும்' என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்கள். நானும் அப்படிச் செய்திருக்கிறேன்.

நண்பர் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆற்றுக்கு அப்பால் ஒருவர் இருந்தார். அவருடைய நிலையம் நகரத்துக்கு நேராக எட்டாது. நடுவில் இருந்த என் நிலையம்தான் வாங்கிக் கொடுக்கும். இரவெல்லாம் நான் தூங்குவேன். இது விழித்திருந்து யார் யாருடைய கடிதத்தையோ சுமக்கும். அதற்குக் கூலி வாங்கக் கூடாது. பொருளை மறைக்கும் ரகசியக் குறியீடும் கூடாது. அமெச்சூர்களுக்குச் சட்டம் அப்படி."

அதைக் கேட்டதும் எங்கள் ஊர்ச் சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல் என் நினைவுக்கு வந்தது. தலைச்சுமையோடு வருகிறவன் பிறர் உதவி இல்லாமல் சுமையை இறக்கி வைத்து இளைப்பாற, யாரோ ஒரு புண்ணியவான் நட்டு வைத்த கல் அது. நட்டவன் தன் சுமைக்காக நடவில்லை. நான் இதுவரை போட்ட கணக்கு, என் படம் எவ்வளவு விரைவில் போகும் என்ற கணக்கு. பிறர் கடிதத்துக்கு அதில் இடமே இல்லை.

இணையமும் பிறர் கடிதத்தைச் சுமக்கவில்லையா என்று கேட்கலாம். சுமக்கிறது, நம்மைவிடப் பன்மடங்கு நன்றாகவே சுமக்கிறது. ஆனால் அங்கே நாம் பணம் கொடுத்துப் பயணம் செய்கிறவர்கள். சாலை போடுகிறவர்கள் வேறு யாரோ. இந்தப் பழைய வழியில் பயணியே சாலையின் ஒரு கல்லாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. மனிதன் எப்போதாவது அப்படி இருந்து பழகுவது அவனுக்கு நல்லது என்று நான் நம்புகிறேன்.

ஆனாலும் ஆள் நடக்காத வழியில் சுமைதாங்கி நட்டால் அது வெறும் கல்தான். தன்னந்தனியாக ஒருவர் நிலையம் அமைத்துவிட்டு, வெறும் வானத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதில் தர்மம் ஒன்றும் இல்லை.

"பெட்டியைப் பற்றிய கேள்வியை அப்புறம் வைத்துக்கொள்" என்றேன் நண்பரிடம். "எதிர்முனையில் ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் பார்."

"பெட்டிகூட வேண்டியதில்லை" என்றார் அவர். "அது செய்த வேலையை இப்போது கணினியின் ஒலிப்பகுதியும் ஒரு மென்பொருளும் செய்துவிடும். ஆள்தான் வேண்டும்."

அன்று மாலை பழைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஆறு பேருக்குத் தொலைபேசியில் பேசினார். இருவர் இறந்துபோயிருந்தார்கள். மூவருக்கு விருப்பம் இல்லை. ஆறாமவர் ஆற்றுக்கு அப்பால் இருந்த அந்தப் பழைய மனிதர்தான். "நீ ஏற்றினால் நானும் ஏற்றுகிறேன்" என்றாராம்.

மறுநாள் காலையில், ஏணியைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார் நண்பர்.