தண்டமும் அதன் அளவும்

களவு செய்தான் தண்டிக்கப்படுதல் முறையே என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின், ஒன்பது களவுக்கு ஒன்பது தண்டங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நுகர்வித்தலும் முறையாமோ? தன் குற்றத்தைத் தானே ஒப்பியவன் அத்தொகையின் மிகுதியை எடுத்துக்காட்டி முறையிடுதல் தகுமோ? இவ்வினாக்கள் நீதிமன்றத்தார்க்கே உரியன போலத் தோன்றினும், வினையையும் வினைப்பயனையும் ஆராய்தலே தொழிலாகவுடைய நம்மனோர்க்கும் உரியனவேயாம்.

உத்தரப் பிரதேசத்தில், மின்சாரத் துறைக்குரிய பொருள்களைத் திருடினமைக்காக ஒருவர்மீது ஒன்பது வழக்குகள் நடந்தன. குற்றத்தை ஒப்பிய அவர்க்கு, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, வழக்கு ஒன்றுக்கு 2 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அத்தண்டங்கள் ஏககாலத்தில் நிகழ்க என்னும் ஆணை தீர்ப்பில் இல்லாமையால், சிறை அதிகாரிகள் அவற்றைத் தொடர்ச்சியாகக் கூட்டி 18 ஆண்டு எனக் கணக்கிட்டனர். அலகாபாத் உயர்நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் உச்ச நீதிமன்றம், அவையனைத்தும் ஏககாலத்தில் நிகழ்க எனப் பணித்தது.

1973-ஆம் ஆண்டுக் குற்றவிசாரணை முறைச் சட்டத்தின் 427-ஆம் பிரிவு, முன்னைத் தண்டம் முடிந்த பின்னரே பின்னையது தொடங்கும் என்றும், நீதிமன்றம் பணிப்பின் இரண்டும் உடன் நிகழும் என்றும் கூறிற்று. 2024-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் அதற்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் 467-ஆம் பிரிவில் அவ்விதியையே கொண்டுள்ளது. நீதிமன்றம் வாய்திறவாவழிக் கூட்டற்கணக்கே தீர்ப்பாகிவிடும் என்பது இதனாற் போதரும்.

ஈண்டு மீமாஞ்சகர் கொள்கையை நினைவு கூர்க. வினை தானே பயன் தரும், தருவான் ஒருவன் வேண்டா என்பர் அவர். வினை சடம், சடம் தன்னைச் செய்தானையும் அறியாது, தன் அளவையும் அறியாது, ஆதலின் அறிவுடைய முதல்வன் ஒருவனே அதனை உயிர்க்குக் கூட்டுவான் என்பது சித்தாந்தத் துணிபு. சஞ்சிதம் எல்லையின்றிக் கிடப்பினும், இறைவன் ஒரு பிறவியில் நுகர்தற்குரியதையே பிராரத்தமாக வகுத்தளிக்கின்றான். எஞ்சியதை ஞானாசிரியன் தீக்கையாற் போக்கும் என்றும் கூறுகின்றோம். முழுத்தொகையும் ஒவ்வொன்றாகக் கழிந்தே தீரவேண்டுமெனின் வீடுபேறென்பதோர் பொருளே இல்லையாய் முடியும். அங்ஙனமாக, உலகியல் நீதியில் மட்டும் எண்ணே தண்டத்தை நிகழ்த்தும் என்பது மீமாஞ்சகர் வழியைப் பின்பற்றுதலேயன்றோ?

அற்றேல், ஒரு களவுக்கும் ஒன்பது களவுக்கும் தண்டம் ஒன்றேயாயின், முதற் களவின் பின்னையவெல்லாம் விலையின்றிக் கிடைத்தனவாகாவோ? பொருளிழந்தோர்க்கு என் சொல்வது? எனின், இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. ஒன்பது குற்றமும் ஒன்பது தீர்ப்பும் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றும் அழிக்கப்பட்டிலது. உடன் நிகழ்த்துதல் எல்லார்க்கும் உரிய உரிமையுமன்று. தக்கவிடத்து மறுக்கவும், வேண்டுமளவே நீட்டவும் நீதிபதிக்கு அதிகாரமுண்டு. யாம் வேண்டுவது தண்டத்தை ஒழித்தலன்று. முழுத்தொகையையும் ஒருவர் ஒருங்கே நோக்கி, இது இவ்வுயிர்க்குத் தகுமோ என்று வினாவுதலேயாம்.

இறைவன் ஒறுத்தலும் மறக்கருணையே என்பது நம் கொள்கை. மருத்துவன் நோயறிந்து அளவறிந்து கொடுப்பதே மருந்து; ஒன்பது நாள் மருந்தை அளவின்றிப் புகட்டின் அது நஞ்சாம். 2 ஆண்டிற் சிறையினின்று மீள்வான் தொழில் தேடலாம், மனைவி மக்களை அடையலாம். 18 ஆண்டின்பின் மீள்வானுக்கு மீளுதற்கு இடம் யாது? திருத்துதற்கென விதித்த தண்டம் திருந்துதற்குரிய காலத்தையே உண்டுவிடுமாயின், அதன்கண் கருணையும் இல்லை, பயனும் இல்லை.

முற்றறிவுடைய இறைவனே அளந்து ஊட்டுகின்றான். சிற்றறிவினராகிய மாந்தர் அளவாமற் கூட்டுதல் எங்ஙனம் பொருந்தும்? ஆதலின், குற்றத்தை ஒப்பியவன் அளவு குறித்து முறையிடுதல் வினையை மறுத்தலன்று. வினைக்கு அறிவுடைய ஒருவன் அளவு கூறவேண்டுமென்று இரத்தலேயாம். அவ்விரத்தற்குச் செவிசாய்த்தல் நீதியின் தளர்ச்சியன்று. நீதி சடமன்று என்பதற்கு அதுவே சான்றென்க.