மானமும் கடமையும்

மானத்தைக் காப்பது பெரிதா, மக்களைக் காப்பது பெரிதா? இரண்டும் ஒன்றே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவை எதிரெதிரே வந்து நிற்கும்போதுதான் கேள்வியின் கனம் தெரிகிறது. சீனத்தை ஆண்ட மஞ்சூ அரச குடும்பத்தின் இளவரசர் கோங் 1860-இல் அத்தகைய நாளைச் சந்தித்தார்.

ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் பீஜிங்கை நெருங்கியதும் பேரரசர் ஷியான்ஃபெங் வடக்கே ஜெஹோலுக்குச் சென்றுவிட்டார். எதிரிகளுடன் பேசும் பொறுப்பு 27 வயதுத் தம்பியின் தலையில் விழுந்தது. அதே அண்ணன்தான் 1855-இல் அவரை உயர் அரசவையிலிருந்து நீக்கியிருந்தார் என்பதையும் அன்பர்கள் கருத வேண்டும். தூதுக்குழுவினர் பலர் சீனக் காவலில் மடிந்ததற்குப் பழிவாங்கலாக, அக்டோபர் 18 அன்று யுவான்மிங்யுவான் அரண்மனைத் தோட்டங்களுக்கு ஆங்கிலேயர் தீயிட்டனர். (அதற்கு ஆணையிட்ட எல்ஜின் பிரபுவே பின்னர் நம் நாட்டுக்கு வைஸ்ராயாக வந்து, 1863-இல் தர்மசாலாவில் மறைந்தவர்.) ஆறு நாட்களுக்குப் பின், தம் முன்னோரின் மாளிகையை எரித்தவர்களோடு அமர்ந்து இளவரசர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். மறுத்திருந்தால் வீரர் என்ற பெயர் கிடைத்திருக்கலாம். அதற்குரிய விலையைத் தலைநகரின் எளிய மக்களே கொடுத்திருப்பர்.

அவரைத் துறவியாகக் காட்ட நான் முயலவில்லை. 1861-இல் பேரரசர் மறைந்தபின், விதவை அரசியரோடு சேர்ந்து அவர் ஆட்சிப் பொறுப்பாளர்களை வீழ்த்தினார். அவர்களுள் ஒருவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். இரண்டு இளவரசர்கள் தற்கொலை செய்துகொள்ளுமாறு பணிக்கப்பட்டனர். அவருடைய பிற பணிகள் அந்தக் குருதியைக் கழுவிவிட்டதாகச் சொல்ல மனம் ஒப்பவில்லை. வெளிநாட்டு விவகாரங்களுக்கென அலுவலகம், அயல்மொழிகள் பயில ஒரு கல்விக்கூடம் ஆகியவை அப்பணிகளுள் அடங்கும்.

ஆயினும் 1874-இல் நடந்தது சிந்திக்கத்தக்கது. இளம் பேரரசர் தோங்ஷி, எரிந்த தோட்டத்தைப் புதுப்பிக்க விரும்பினார். சாம்பலானதை மீண்டும் எழுப்பினால் பழைய அவமானம் மறையும் என்று எண்ணத் தோன்றும். அந்த அவமானத்தை யாரினும் நேராகச் சுமந்தவர் கோங். அவரோ, கருவூலம் வறண்டிருக்கையில் இது கூடாது என எதிர்த்து நின்றார். பேரரசர் அவருடைய பட்டத்தைக் குறைத்தார். மறுநாளே அரசியர் அவ்வாணையை நீக்கினர். கட்டுமானமும் நின்றது.

1884-இல், பிரான்ஸுடன் பூசல் முற்றிய வேளையில், அரசி சிஷி அவரைப் பதவியிலிருந்து அகற்றினார். பத்தாண்டுகள் ஒதுங்கி வாழ்ந்தார். பீஜிங்குக்கு மேற்கே மலையிலுள்ள ஜியெதாய் பௌத்த ஆலயத்தில் நெடுநாள் தங்கினார். 1894-இல் ஜப்பானுடன் போர் மூண்டதும் மீண்டும் அழைப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது 61. அழைத்தவர் அதே சிஷிதான். சென்றார், 1898-இல் மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார்.