விரல் அறியும் உயிர்

வடசென்னை டோல்கேட்டிலிருந்து கிழக்கே சற்று நடந்தால் எண்ணூர் விரைவுச் சாலை. அதை ஒட்டிக் கடலுக்கு அரணாகக் கொட்டிய கருங்கற்கள். 1876இல் சென்னைத் துறைமுகச் சுவர் எழத் தொடங்கியபின், வடக்கே வரவேண்டிய மணல் மெரினாவில் தங்கிவிட, இந்தக் கரையைக் கடல் தின்றது. அதைத் தடுக்கப் போட்ட கற்களில்தான் இன்று தூண்டில்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்தவரும் ஓய்வுபெற்றவரும் அவர்களில் உண்டு. நாலு கிழங்கான் மீனுக்காகவா இந்தக் காத்திருப்பு? காசிமேட்டுச் சந்தையில் ஒரு கூறு வாங்கிவிட்டுப் போகலாமே!

ஆலையில் எட்டு மணி நேரம் நின்றால் அதற்கான கூலி உண்டு. கடலிடம் அந்தக் கணக்கு செல்லாது. உழைப்பு நம்முடையது, பலன் நம்முடையதன்று என்பதை நூல்களில் படித்துத் தலையாட்டியிருக்கிறோம். வெறுங்கையோடு வீடு திரும்புகிறவன் அதை வாழ்ந்து பார்க்கிறான். ஆயினும் தூண்டில் கற்றுத்தருவது இந்தப் பொறுமையோடு நின்றுவிட்டால் அது சிறிய பேறுதான்.

மீன் கவ்வும் கணத்தில் ஓர் உயிரின் துடிப்பு தூண்டில் நரம்பு வழியே விரலுக்கு வந்து சேர்கிறது. சந்தையில் நாம் வாங்குவது எடை. அந்தத் துடிப்பை வேறொருவர் கையில் விட்டுவிட்டு வருகிறோம். (சைவ உணவுக்காரரும் முற்றிலும் விலகியவர் அல்லர், வயலில் மருந்து தெளிப்பது யாருக்காக?) உண்பவர் எல்லோருக்கும் பங்குள்ள ஒரு மரணத்தைத் தன் கையால் ஏற்றவனுக்கே, தான் எடுத்துக்கொண்டது எதுவும் தனக்கு வரவேண்டிய பாக்கி அன்று, தான் பட்ட கடன் என்ற உணர்வு பிறக்கிறது, அந்த உணர்விலிருந்தே, எவரும் விதிக்காத ஓர் எல்லையைத் தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் மனமும் பிறக்கிறது. சேக்கிழார் பாடிய நாகை அதிபத்தர், நாள்தோறும் தம் வலையில் பட்ட மீனில் ஒன்றை இறைவனுக்கென்று கடலிலேயே விட்டவர். ஒரே மீன் கிடைத்த நாள்களிலும் வீட்டுப் பசியைப் பாராமல் அதையே விட்டார். பக்தியின் கதை அது. எடுப்பவன் தன்னை நிறுத்திக்கொள்ளும் கதையும் அதுவே.

சட்டம் விதிக்கும் எல்லைகளும் உண்டு. வேட்டையை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏறத்தாழ முடித்துவைத்தது, அது சரிதான். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, அதுவும் வேண்டியதே. ஆனால் சட்டம் கையைக் கட்டுமே தவிர, கடன்பட்ட உணர்வைத் தராது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி மீன்கள் செத்து மிதந்தபோது, அத்தனை சாவில் ஒன்றின் துடிப்பும் அதற்குக் காரணமானோர் விரலை எட்டவில்லை.