பழுதும் உரிமையும்

பொருளொன்றை விலைகொடுத்து வாங்கியவர் அதற்கு உடையவராகின்றார் என்பது சந்தைக்குச் செல்லும் சிறுவனும் அறிந்த நியாயமாகும். பற்றுச்சீட்டுக் கைக்கு வந்ததும் அது பற்றிய பேச்சு முடிந்துவிடுகின்றது. ஆனால், அப்பொருள் பழுதுபடும் நாளிலே இந்நியாயம் நாம் நினைத்த அளவுக்கு எளிதானதன்று என்பது புலனாகின்றது. திறக்க இயலாத, திறந்தாலும் விளங்காத, விளங்கினாலும் உதிரிப்பாகம் கிடைக்காத ஒரு பொருளுக்கு நாம் எவ்வகையில் உடையவராவோம்? இவ்வினாவைத் தத்துவ நூல்களிலிருந்து அன்றி, யாழ்ப்பாணத்தார் குசினி என்று வழங்கும் அடுக்களையிலிருந்தே எழுப்ப விரும்புகின்றோம்.

எமது அயலிலே பெண்ணொருவர் வசிக்கின்றார். பிறந்தநாட்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் கேக் செய்து கொடுப்பது அவரது சீவனோபாயம். தவணை முறையில் வாங்கிய மின் போறணை ஒன்றே அவருக்குள்ள முதல். (போறணை என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து எமக்கு வந்தது. பாண் சுடுவதற்கெனச் செங்கல்லாலும் களிமண்ணாலும் கட்டப்பட்ட பழைய போறணையில் வெடிப்புக் கண்டால், அதில் வேலை செய்தவரே மண்குழைத்துப் பூசிவிடுவார். சொல் எம்மிடம் நிலைத்துவிட்டது; மண்குழைக்கும் உரிமைதான் போய்விட்டது.) சென்ற ஆண்டின் இறுதியில், நத்தார்க் காலத்து வேலைகள் குவிந்திருந்த வேளையில், அப்போறணை தன் போக்கை மாற்றத் தொடங்கிற்று. கேக்கின் மேற்புறம் நிறம்பிடிக்க, அடிப்புறம் பச்சை மாவாகவே நின்றது. ஒருநாள் சரியாக வேகும், மறுநாள் வேகாது. "பிழை கீழ்ப்பக்கத்திலைதான் தம்பி, கீழ்ச்சூடு வந்து வந்து போகுது" என்று முகவர் நிலையத்திலிருந்து வந்த இளைஞரிடம் அவர் கூறினார். வந்தவர் அதனைக் காதில் வாங்கவில்லை. "அக்கா, இது உங்களுக்கு விளங்காத சாமான்" என்றார். கட்டுப்பாட்டுப் பகுதி முழுவதையும் மாற்றவேண்டும், அது கொழும்பிலிருந்து வரவேண்டும், வரும் நாளைச் சொல்லமுடியாது, ஆகவே புதியதொன்றை வாங்குவதே புத்தி என்பது அவர் வழங்கிய தீர்ப்பு.

பின்னர் அப்போறணையைத் திறந்தவர், சந்தியிலே வானொலியும் மின்விசிறியும் திருத்தும் சிறு கடைக்காரர் ஒருவர். திறப்பதே பெரும்பாடாயிற்று. பின்மூடியின் ஆணிகள் சாதாரண ஆணிகள் அல்ல. தலையில் நட்சத்திர வடிவக் குழியும், அதன் நடுவே ஒரு சிறு முளையும் உடையவை. வீட்டிலுள்ள எந்தக் கருவியும் அவற்றைத் திருப்பாது. திருப்பக்கூடாது என்பதற்காகவே அவை அவ்வாறு செய்யப்படுகின்றன. உள்ளே நிகழ்ந்திருந்தது மிக அற்பமான சங்கதி. கீழ்ப்புறத்து வெப்பக் கம்பி, 'எலிமென்ற்' என்று எல்லாரும் கூறுவது, எவ்வித ஊனமுமின்றி இருந்தது. 1000 வாற்று வலுவுள்ள அக்கம்பி 230 வோல்ற்று மின்னிலே நான்கு அம்பியருக்குச் சற்று மேல் மின்னை இழுக்கும். அதன் தடை 50 ஓமுக்குச் சற்று மேலாக இருக்கவேண்டும். மீற்றரை வைத்துப் பார்த்தபோது அவ்வாறே இருந்தது. பழுது, கம்பியின் முனையிலே வயரைக் கவ்விநின்ற சிறு தகட்டில் இருந்தது. கவ்வு தளர்ந்தால் அவ்விடத்தில் தடை ஏறும். தடை ஏற வெப்பம் ஏறும். வெப்பத்தால் உலோகம் கறுக்கும். கறுத்த உலோகம் தடையை மேலும் ஏற்றும். இவ்வாறு மாதக்கணக்கிலே தன்னைத் தானே எரித்துக்கொண்டிருந்த ஓர் இணைப்பு அது. கடைக்காரர் கருகிய முனையை வெட்டினார். புதிய கவ்வுத் தகட்டைப் பொருத்தினார். சாதாரண பிளாஸ்ரிக் வயர் அச்சூட்டில் உருகிவிடும் என்பதால் கண்ணாடி இழை உறையிட்ட வயரையே தேடிப் பிடித்து இணைத்தார். ஒரு மணித்தியாலத்திற்குள் வேலை முடிந்தது.

இந்நிகழ்ச்சியில் முகவரின் அறியாமையையோ பேராசையையோ மட்டும் காண்போர் பாதியையே காண்கின்றனர் என்பது எமது கருத்து. பழுது எங்கே இருந்தது என்பதைக் கருவி எதுவுமின்றி, மாவின் நிறத்தைக் கொண்டே கண்டறிந்தவர் அப்பெண். ஓம் என்றும் அம்பியர் என்றும் சொல்லும் மொழி அவரிடம் இல்லாதது உண்மை. அதனால் அவரிடம் இருந்தது அறிவே அன்று என்றாகிவிடுமா? நாள்தோறும் ஒரு பொருளோடு உழைப்பவருக்கு அப்பொருளின் இயல்பு தெரிகின்றது. அத்தெரிவை அறிவென ஏற்க மறுப்பது வெறும் மரியாதைக் குறைவு மட்டுமன்று; அவரது உழைப்பிலிருந்து அவரைப் பிரித்தெடுப்பதுமாகும்.

அடுக்களைச் சாதனங்களின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. இன்று எமது வீடுகளிற் பரவலாகக் காணப்படும் தானியங்கி ரைஸ் குக்கர், 1955 டிசெம்பரில் யப்பானிலே தோஷிபா நிறுவனத்தால் முதன்முதலாக விற்பனைக்கு விடப்பட்டது. அதனை ஆக்கியவர் யோஷிதாதா மினாமி என்னும் சிறு தொழிற்சாலைக்காரர். ஆனால் நாள்தோறும் அரிசியைக் களைந்து, உலையிலிட்டு, வேகும் நேரத்தையும் வெப்பத்தையும் அளந்து சோதித்தவர் அவரது மனைவி பூமிகோ. கொதிநிலையில் ஏறத்தாழ 20 நிமிடம் நின்றாற் சோறு பதமாகும் என்ற அடுக்களை அறிவின் மீதே அவ்வியந்திரம் எழுந்தது. வெளிப் பாத்திரத்தில் ஊற்றிய ஒரு கோப்பை நீர் அந்நேரத்துள் வற்றிவிடும். வற்றியதும் வெப்பம் ஏறும். ஏறியதும் இரு உலோகத் தகடு வளைந்து மின்னை நிறுத்தும். அச்சூழ்ச்சியை விளங்கிக்கொள்ளப் பல்கலைக்கழகம் செல்லவேண்டியதில்லை. சோறு வடித்த எவருக்கும் அது பாதி தெரிந்த விடயமே. அங்ஙனமிருக்க, அவ்வறிவை ஈந்தவர்களிடமே 'உங்களுக்கு விளங்காது' என்று கூறிப் பெட்டியைப் பூட்டிக் கொடுப்பது என்ன நீதி?

பூட்டியவர் வியாபாரி மட்டுமல்லர் என்பதையும் இங்கு நாம் ஒளிக்காமற் கூறவேண்டும். அவருக்கு முன்னரே நாம் ஒரு பூட்டைப் போட்டு வைத்திருந்தோம். பழைய அடுக்களையிலும் பழுது இருந்தது, திருத்தமும் இருந்தது. தேய்ந்த அம்மியைப் பொளிவதற்கும், பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவதற்கும், மழுங்கிய துருவலையின் பல்லைத் தீட்டுவதற்கும் ஆட்கள் வந்தனர். அவர்களது கைத்திறனின்றி ஒரு வேளை உணவு இல்லை. ஆயினும் அவர்களுள் எத்தனை பேர் அந்த அடுக்களைக்குள் அனுமதிக்கப்பட்டனர்? அம்மி முற்றத்துக்கு வந்தது. பொளிந்தவர் உள்ளே செல்லவில்லை. கையால் அறியும் அறிவு தாழ்ந்தது, ஏட்டால் அறியும் அறிவு உயர்ந்தது என்ற எண்ணத்தைச் சாதியின் பெயரால் நூற்றாண்டுகளாக வளர்த்த ஒரு சமுதாயத்திலே, மூடப்பட்ட இயந்திரம் எதிர்ப்பின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டதில் வியப்பென்ன? திருப்புளியைக் கையிலெடுப்பது படித்தவருக்கு இழுக்கு என்று கருதும் தந்தைமார் இன்றும் எம்மிடையே உளர். மகள் எடுத்தாலோ, சொல்லவே வேண்டியதில்லை.

இனி, எதிர்த்தரப்பார் கூறுவதையும் கேட்போம். மின்னும் எரிவாயுவும் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. ஆளாளுக்குத் திறக்கத் தொடங்கினால் உயிர்ச்சேதம் நேரும் என்பர். இக்கூற்றைத் தட்டிக்கழிக்க நாம் விரும்பவில்லை. மைக்ரோவேவ் அடுப்பினுள்ளே 2000 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தொழிற்படுகின்றது. அதிலுள்ள கொள்ளளவி, செருகியைக் கழற்றிய பின்னரும் மின்னைத் தேக்கி வைத்திருந்து கைவைத்தவரைக் கொல்லவல்லது. பயிற்சி பெறாத எவரும் அதனைத் திறத்தலாகாது. சாதாரண போறணையையும், செருகியைச் சுவரிலிருந்து முற்றாகக் கழற்றிய பின்னரன்றித் தொடலாகாது. திருத்தியபின் புவித்தொடுப்பு வயர் உரிய இடத்திற் பொருந்தியுள்ளதா என்று பாராமல் மூடலும் ஆகாது. தன் வீட்டுப் பெட்டியைத் தானே திறப்பவர் தன் உயிருக்கு மட்டும் பொறுப்பாளியல்லர். அதில் நாளை கைவைக்கப்போகும் குழந்தைக்கும் பொறுப்பாளியே.

ஆனால், இவ்வளவையும் இப்போது நாம் ஒரு பந்தியிற் கூறிவிட்டோம் அல்லவா? எது ஆபத்து, எது ஆபத்தன்று என்று பிரித்துச் சொல்வது இயலாத காரியமன்று. எல்லாவற்றையும் ஒரே ஆணியாற் பூட்டிவிட்டு 'உங்கள் பாதுகாப்புக்காக' என்று எழுதி ஒட்டுவதுதான் எளிது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை முழுவதிலும் எரிவாயு அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். குழாயும் ரெகுலேற்றரும் பழையவை என்று முதலிற் பாவனையாளர் மீதே விரல் நீட்டப்பட்டது. பின்னர் ஜனாதிபதி நியமித்த குழு, வாயுக் கலவையின் விகிதத்தில் ஏற்பட்ட மாற்றத்தையே முதன்மைக் காரணமாகக் குறிப்பிட்டது. அடுப்பைப் பற்றவைத்த பெண்ணுக்குத் தன் வீட்டுச் சிலிண்டருக்குள் இருப்பது என்ன என்று தெரிந்திருக்கவில்லை. அவரால் முடிந்தது, சவர்க்கார நீரை இணைப்புகளிலே தடவிக் குமிழி எழுகின்றதா என்று பார்ப்பதே. அறிந்து திறந்தமையால் வந்த ஆபத்தா அது? அறியவிடாது மூடிவைத்தமையால் வந்ததன்றோ!

வேறு சிலர், யாழ்ப்பாணத்தார்க்குத் திருத்தம் புதிதன்று என்று பெருமை பேசுவர். 1990 முதல் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளிலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலில் விளக்குச் செய்தோம். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இவையனைத்தும் உண்மை. எனினும் இப்பெருமையில் எமக்கு முழு உடன்பாடில்லை. பற்றரியும் மின்சாரமும் மறுக்கப்பட்ட மக்கள் செய்த வேலை அது. விரும்பிக் கற்ற கலையன்று. வறுமையின் கெட்டித்தனத்தைப் புகழ்ந்துவிட்டு வறுமையை மறப்பது இலக்கியக்காரரிடம் மட்டும் காணப்படும் குற்றமன்று. தடை நீங்கிப் பொருள்கள் வந்து குவிந்ததும், அக்கெட்டித்தனத்தை நாமே பழைய இரும்போடு எறிந்துவிட்டோம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

திருத்தும் உரிமை இன்று சில நாடுகளிலே சட்டமாகியுள்ளது. பிரான்சு 2021 முதல் சில சாதனங்களின் மீது அவற்றைத் திருத்துவது எவ்வளவு எளிது என்பதைப் புள்ளியிட்டு ஒட்டச் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம், சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி முதலியவற்றை உற்பத்தியாளர் நியாயமான விலையில் திருத்திக் கொடுக்கவேண்டும் என்கின்றது. சட்டம் இயற்றப்பட்டபோது அப்பட்டியலிற் போறணை இடம்பெறவில்லை. அச்சட்டங்கள் நல்லவை, எமக்கும் அவை வேண்டும். உதிரிப்பாகமும் மின்சுற்றுப் படமும் விற்பனையோடு சேர்த்துக் கொடுக்கப்படவேண்டும் என்று கேட்க எமக்கு முழு உரிமையுண்டு. ஆயினும் சட்டத்தாற் பெட்டியின் ஆணியை மாற்றலாம்; அப்பெண்ணின் சொல்லை அவ்விளைஞரின் காதில் ஏற்றச் சட்டத்தால் இயலுமா?

சந்திக் கடைக்காரர் தமது வேலைக்கு 1500 ரூபா கேட்டார். அந்த வீட்டாரோ, "ஒரு வயர்த் துண்டுக்கும் ஒரு தகட்டுக்கும் இவ்வளவா?" என்று மலைத்துப் பேரம் பேசினர். கேக் செய்யும் அப்பெண் மட்டும் பேசாமல் நின்றார். முகவர் நிலையத்து இளைஞர் எதையும் திருத்தாமல் வந்துபோனதற்கென இயந்திரம் அச்சிட்டுக் கொடுத்த பற்றுச்சீட்டில் அதைவிடக் கூடுதலான தொகை இருந்தது. அதனை ஒரு வார்த்தையும் கேளாமல் அதே வீட்டார் செலுத்தியிருந்தனர்.